சந்தா தீர்ந்த பெட்டி

சந்தா கட்டுவதை நிறுத்திய மறுமாதமே செயற்கைக்கோள் ரிசீவரைப் பிரேதமாகப் பாவித்து நிலவறைக்கு அனுப்பிவிடுவது, கனடாவில் நான் கண்ட குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் சம்பிரதாயம். மின்சாரம் கொடுத்தால் அதன் நெற்றியில் பச்சை விளக்கு எரிகிறது, உள்ளே விசிறி சுழல்கிறது, மேல்தகடு கதகதப்பாகிறது என்பதையெல்லாம் எவரும் பொருட்படுத்துவதில்லை. கம்பெனி உயிர் கொடுத்தது, கம்பெனியே எடுத்துக்கொண்டது என்ற சித்தாந்தம் ஜனங்களின் மனத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றிக் கிடக்கிறது. ஸ்கார்பரோவில் என் மகன் வீட்டு நிலவறையிலும், அதை இங்கே எல்லோரும் பேஸ்மென்ட் என்றே சொல்லுவார்கள், அப்படி ஒரு பெட்டி கிடந்தது. அது எங்களுடையதன்று. என் அண்ணன் மகன் அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் உத்தியோகம் பார்த்த நாளில், உயர்தெளிவுத் தொலைக்காட்சி அங்கே ஒரு புதுமையாக இருந்த 2005ஆம் வருஷ வாக்கில், அதைச் சொந்தமாக விலைகொடுத்து வாங்கியிருந்தான். பெட்டியை வாடகைக்குக் கொடுத்துவிட்டுப் பிற்பாடு திருப்பிக் கேட்கும் வழக்கம் அப்போது முற்றும் வந்துவிடாததால், சந்தாவை முடித்துக்கொண்டு டொரான்டோவுக்குக் குடிபெயர்ந்தபோது அது அவன் கையிலேயே தங்கிவிட்டது. வாடகை வீடு அமையும் வரையில் சில சாமான்களை எங்களிடம் வைத்துவிட்டுப் போனவன், மற்றவற்றை எடுத்துக்கொண்டு போன நாளில் இதையும் இதற்குரிய டிஷ் கம்பத்தையும் கேபிளையும் மட்டும் மறந்துபோனான்.

அந்த நிலவறைதான் என்னுடைய ராஜ்யம். மேல்மாடியில் பேரப்பிள்ளைகளின் ஆரவாரத்துக்கும் மருமகளின் தொலைபேசிச் சம்பாஷணைகளுக்கும் நடுவே ஒரு புஸ்தகத்தைப் பிரித்து உட்கார இயலாதென்று, பழைய சோபா ஒன்றும், யாரோ கொடுத்துவிட்டுப் போன கனமான குழாய்த் தொலைக்காட்சி ஒன்றுமாக அங்கே இறங்கிவிட்டேன். இரண்டு கம்பிகள் நீட்டிய ஒரு மேசை ஆன்டெனாவை அதன் தலைமேல் வைத்தால், நகரத்தின் நடுவே நிற்கும் ஸி.என். கோபுரத்திலிருந்து நாலைந்து நிலையங்கள் சுமாராகத் தெரியும். எனக்கு அது போதுமாயிருந்தது. ஆனால் 2011 ஆகஸ்டு 31ஆம் தேதியோடு டொரான்டோ போன்ற பெருநகரங்களில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட வேண்டுமென்று சர்க்கார் விதித்தபடியால், செப்டம்பர் முதல் தேதி காலையில் பெட்டியைத் திருப்பினபோது திரை முழுவதும் ஒரே இரைச்சலும் புள்ளிகளுமாக இருந்தது. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் இந்தக் காரியம் 2009 ஜூன் 12ஆம் தேதியே நடந்தேறிவிட்டது. அங்கே பழைய பெட்டி வைத்திருந்தவர்களை உத்தேசித்து, மாற்றுக்கருவி வாங்கிக்கொள்ள வீட்டுக்கு இரண்டு வீதம் நாற்பது டாலர் கூப்பன்களைச் சர்க்காரே கொடுத்தது. இங்கே அப்படிப்பட்ட கூப்பன் எதுவும் கிடையாது. "அப்பா, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம்" என்று மகன் சொன்னான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் படம் நன்றாகத் தெரிகிற ஒரு பெட்டியைத் தெருவோரத்தில் வைப்பதற்கு, எங்கள் தலைமுறையாருக்குக் கை லேசில் வருவதில்லை.

பக்கத்து வீட்டில் இருப்பவர் பருத்தித்துறையைச் சேர்ந்த ஒரு பௌதிக ஆசிரியர். ஊரில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்று அழைத்தார்களாம். நானும் அப்படியே அழைக்கிறேன். பழைய ரேடியோ, உடைந்த மின்விசிறி, ஓடாத சுவர்க்கடிகாரம் ஆகியவற்றின்பால் அவருக்குள்ள ஜீவகாருண்யம், மனிதர்களின்பால் அவருக்கு உண்டா என்று அவருடைய மனைவியாருக்கே சந்தேகம். அன்று மாலை தேநீருக்கு இறங்கிவந்தவர், மூலையில் கிடந்த அண்ணன் மகன் பெட்டியை எடுத்து, முன்பக்கத்தைப் பார்க்காமல் நேரே பின்பக்கத்தைத் திருப்பினார்.

"ஐயா, இது செத்த பெட்டி இல்லை. பின்னாலை பாருங்கோ, ரெண்டு வாய் இருக்குது. இது டிஷ்ஷுக்கு. மற்றது காத்திலை வாறதுக்கு."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். திருகாணி மரைபோட்ட இரண்டு பித்தளைத் துவாரங்கள் ஒரு விரற்கடை இடைவெளியில் அருகருகே இருந்தன. ஒன்றின் கீழே செயற்கைக்கோள் என்றும், மற்றொன்றின் கீழே ஆன்டெனா என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. முதல் துவாரத்தின் மரை தேய்ந்து மங்கியிருந்தது. பல வருஷம் கேபிள் குடியிருந்த இடம். இரண்டாவது, தொழிற்சாலையில் மாட்டிய பிளாஸ்டிக் தொப்பிகூடக் கழற்றப்படாமல், புத்தம் புதிதாகப் பளபளத்தது. அதை வாங்கியவன் அந்தத் துவாரம் எதற்கென்று ஒருநாளும் விசாரித்ததில்லை என்பதற்கு அதைவிடப் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

அந்த இரண்டாவது துவாரம் ஏன் அங்கே வந்ததென்பது மாஸ்டர் எனக்கு விவரித்த ஒரு சின்னச் சரித்திரம். உயர்தெளிவுத் தொலைக்காட்சி தொடங்கிய காலத்தில், ஒவ்வொரு ஊரின் உள்ளூர் நிலையங்களையும் அந்தத் தெளிவோடு வானத்துக்கு ஏற்றி இறக்குவதற்குச் செயற்கைக்கோள்களில் இடம் போதவில்லை. உள்ளூர் நிலையங்களோ தங்கள் கோபுரங்களிலிருந்து அதைவிடச் சிறந்த படத்தை இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தன. ஆகவே கம்பெனிக்காரர்கள், தரைவழியே வருவதை வாங்கிக்கொள்ளும் ஒரு ட்யூனரையும் தங்கள் பெட்டிக்குள்ளேயே பொருத்தி, உள்ளூர் நிலையங்களை உங்கள் வீட்டு ஆன்டெனாவிலேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். சில வருஷங்களுக்குப் பின்பு படத்தைச் சுருக்கும் முறைகள் முன்னேறி, புதிய செயற்கைக்கோள்களும் மேலேறியதும், உள்ளூர் நிலையங்கள் வானம் வழியாகவே வரலாயின. வந்தவுடன், 2007ஐ ஒட்டி வெளியான பல மாதிரிகளில், அந்த ட்யூனரைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். தம்முடைய போதாமையை மறைப்பதற்குக் கம்பெனி வைத்த ஒரு துவாரம், கம்பெனியின் தயவே இல்லாமல் வாழ்வதற்கு ஒரு வழியாக அமைந்தது. வியாபார உலகத்தில் இப்படிப்பட்ட தர்மங்கள் உத்தேசித்து நடப்பதில்லை.

ட்யூனர் ஒன்றிருக்க மற்றொன்று எதற்கு, டிஷ்ஷுக்குப் போகிற துவாரத்திலேயே ஆன்டெனாக் கம்பியைச் சொருகினால் என்ன என்று கேட்டேன். மாஸ்டர் வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். செயற்கைக்கோள் சுமார் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து பேசுகிறது. அதன் குரல் மிகமிக மெலிந்தது, ஆனால் வழியில் அதை மறிப்பதற்கோ திரிப்பதற்கோ அநேகமாக ஒன்றும் இல்லை. கோபுரத்திலிருந்து வரும் அலை பலமானது, ஆனால் கட்டடங்களிலும் மரங்களிலும் மோதி, ஒரே செய்தி முன்னும் பின்னுமாகப் பல எதிரொலிகளாய் வந்து சேருகிறது. ஆகையினால் இரண்டுக்கும் செய்தியை அலையில் ஏற்றுகிற முறையே வேறு. ஒன்றுக்குப் பழகிய செவி மற்றொன்றைக் கேட்டு அர்த்தம் செய்துகொள்ளாது. அலைவரிசையும் வேறு. டிஷ்ஷின் முனையிலுள்ள சிறு கருவி, வானத்திலிருந்து வரும் பன்னிரண்டு கிகாஹெர்ட்ஸ் அலையை ஆயிரம் இரண்டாயிரம் மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிக் கேபிளில் அனுப்புகிறது; தரைத் தொலைக்காட்சியோ அதற்கும் கீழே, ஆறு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள பாத்தி பாத்தியாக ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சிறு கருவிக்கு உயிர் கொடுப்பதற்காகப் பெட்டி தன் செயற்கைக்கோள் துவாரத்தின் வழியே பதின்மூன்று அல்லது பதினெட்டு வோல்ட் மின்சாரத்தை மேலே அனுப்புகிறது. "ஆன்டெனாவைக் கொண்டுபோய் அதிலை பூட்டினால் அது நேர் மின்னோட்டத்துக்குக் குறுக்குச் சுற்று. ஒண்டும் தெரியாது, பெட்டியும் போயிடும்" என்று ஆள்காட்டி விரலை ஆட்டினார். முப்பது வருஷம் பையன்களை அதட்டிய விரல் அது.

இந்தச் சம்பாஷணையின் நடுவிலேதான் எங்களிருவருக்கும் பழங்கதை நினைவுக்கு வந்தது. என்னுடைய ஊர் தூத்துக்குடி. சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15ஆம் தேதியே வந்துவிட்டதென்றாலும், அந்த அலை எங்கள் கரைக்கு எட்டாது. சென்னைக்குப் போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டு நாங்கள் அதை ஒருவகைக் கர்ணபரம்பரைக் கதையாகவே அறிந்திருந்தோம். அவ்வாறிருக்கையில் 1982 பிப்ரவரி 15ஆம் தேதி, ஜப்பான் தேசத்தின் உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிற்று. அதன் முக்கியமான ஒளிபரப்பி நின்றது அந்தத் தீவிலேயே உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில். அவர்கள் தங்கள் தேசத்துக்காக வைத்தது. கடலுக்கு மறுபக்கத்தில் உப்பளத்துக் கரையில் இருப்பவர்களை அவர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள். ஆனால் நாங்கள் நினைத்துக்கொண்டோம். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டே வளர்ந்த ஊருக்கு, அக்கரையிலிருந்து படமும் வருமென்பது அப்படியொன்றும் நம்ப முடியாத விஷயமாகப் படவில்லை.

நான் குமாஸ்தாவாக இருந்த உப்பு வியாபாரியின் வீட்டு மொட்டைமாடியில் முதன்முதலாக எழும்பிய அந்த ஆன்டெனாவை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். இரண்டு ஜி.ஐ. குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்றவைத்து, நான்கு திசையிலும் இழுகம்பி கட்டி, உச்சியில் அலுமினியக் குச்சிகளை மீன்முள் மாதிரி அடுக்கிய ஒரு யாகி. அதன் கழுத்தில் ஒரு பூஸ்டர். அங்கிருந்து ஜன்னல் வழியாக இறங்கும் தட்டையான இரட்டைக் கம்பி. கடற்காற்றின் உப்பு ஆறே மாதத்தில் அலுமினியத்தின்மேல் வெள்ளை பூத்துவிடும். உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்கென்றே ஒரு பையன் மாடியேறுவான். அவன் மேலே குழாயை இம்மி இம்மியாகத் திருப்ப, படிக்கட்டில் ஒருவன், கூடத்தில் ஒருவன் என்று நின்று, "வருது, வருது... போச்சுடா, பழைய இடத்துக்கே வா" என்று குரலைக் கைமாற்றுவார்கள். காற்றடங்கிய மாலைகளில், அதிலும் மாசி பங்குனி மாதங்களில், படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் நிற்கும். காற்று எழும்பிவிட்டாலோ திரையில் மூடுபனி இறங்கிவிடும். நேர்பார்வைக்கு எட்டாத தூரத்திலிருந்து அந்த அலை வந்துசேர்ந்ததன் சூட்சுமத்தைப் பல வருஷங்களுக்குப் பின்பு மாஸ்டர்தான் எனக்குச் சொன்னார்: குளிர்ந்த கடல்நீரின்மேல் வெப்பக்காற்று ஓர் அடுக்காகப் படிந்து நின்றால், அலை மேலே ஓடிப்போகாமல் அந்த அடுக்கினடியில் வளைந்து வளைந்து, பூமியின் முதுகைத் தடவிக்கொண்டே வெகுதூரம் போகுமாம்.

நாங்கள் பார்த்ததில் பெரும்பகுதி சிங்களம். ஒரு சொல்லும் விளங்காது. விளங்காமலே உட்கார்ந்து பார்த்தோம். தெருப்பிள்ளைகள் ஒருவரையொருவர் 'ஆயுபோவன்' சொல்லிக் கும்பிட்டு விளையாடின. தமிழ் நிகழ்ச்சி நேரம் வந்துவிட்டால் அந்தக் கூடத்தில் செருப்பு வைக்க இடமிராது. அடுத்த வருஷம் ஜூலை மாதத்தில் கொழும்பில் தமிழர்களுக்கு என்ன நேர்ந்ததென்பதை நாங்கள் அந்தத் திரையில் பார்த்து அறியவில்லை. பத்திரிகைகளிலிருந்தும், பின்பு இராமேசுவரத்துக் கரையில் படகிலிருந்து இறங்கியவர்களின் வாயிலிருந்தும் அறிந்தோம். அதன்பின்பு உப்பு வியாபாரி வீட்டில் அந்த நிலையத்தை வைப்பது குறைந்துபோயிற்று. வைத்தாலும் முன்போல் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லை.

மாஸ்டரின் கதை இதற்கு நேர் எதிர்த்திசை. கொடைக்கானல் மலையில் தூரதர்ஷன் ஒளிபரப்பி எழுந்தபிறகு, அவருடைய கரையிலே ஆன்டெனாக்கள் எல்லாம் எங்கள் பக்கமாகத் திரும்பின. இரும்புக்குழாய் கிடைக்காதவர்கள் கமுகமரத்தை நட்டு அதன் உச்சியில் கட்டினார்களாம். "வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் நேரம் எங்கட ஒழுங்கையிலை ஒரு சனம் நடமாடாது, ஐயா." நான் அவருடைய தேசத்தின் மலையை நோக்கிக் குழாயைத் திருப்பியபோது, அவர் என்னுடைய தேசத்தின் மலையை நோக்கிக் கமுகமரத்தைத் திருப்பியிருக்கிறார், இடையில் இருந்தது ஒரு சிறு கடல். பின்பு 1990க்கு அப்புறம் வருஷக்கணக்காக மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், ஒழுங்கையில் உள்ளவர்கள் காசு சேர்த்து ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்றிப் படம் பார்த்த கதையையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தபடியால் நானும் சிரித்தேன்.

இப்படிப்பட்ட பூர்வாசிரமம் உள்ள இரண்டு கிழவர்களுக்கு, ஒன்டாரியோ ஏரியின் கரையில் ஓர் ஆன்டெனாவை நிறுத்துவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஏரி என்று பெயரே தவிர, ஸ்கார்பரோவின் மண்மலைகளின் விளிம்பிலிருந்து பார்த்தால் எதிர்க்கரை தெரியாது, கடல்தான். அந்த எதிர்க்கரைக்கு அப்பால் பஃபலோவின் ஒளிபரப்பிக் கோபுரங்கள், காக்கை பறக்கும் வழியில் சுமார் தொண்ணூறு கிலோமீட்டரில் நிற்கின்றன. ஸி.என். கோபுரமோ எங்களுக்குத் தென்மேற்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். 1976இல் திறக்கப்பட்ட, 553 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தை உல்லாசப் பிரயாணிகள் கண்ணாடித் தரையில் நின்று கீழே பார்ப்பதற்காகக் கட்டியதென்றே பலரும் எண்ணுகிறார்கள். நகரத்தில் வானளாவிய கட்டடங்கள் எழும்பி, தொலைக்காட்சி அலைகளை மறித்து, வீட்டுத் திரைகளில் நிழலுருவங்களை உண்டாக்கியதால், அவற்றுக்கெல்லாம் மேலே நின்று பேசுவதற்காகவே அது எழுந்தது. இப்போது கேள்வி, ஆன்டெனாவின் முகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பது. மாஸ்டர் ஒரு காகிதத்தில் கோணம் போட்டுப் பார்த்து, பஃபலோவையே பார்க்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அருகிலுள்ள கோபுரம் அத்தனை பலமானதால், பக்கவாட்டில் வந்தாலும் அது உள்ளே நுழைந்துவிடும்; தூரத்திலுள்ளதற்குத்தான் முகம் கொடுக்க வேண்டும். நான்கு ஜோடி முக்கோணக் கம்பிகளும் பின்னால் ஒரு வலையும் கொண்ட போ-டை ஆன்டெனா ஒன்றை வாங்கி, அண்ணன் மகனின் பழைய டிஷ் கம்பத்தையே நட்டு, பின்கட்டுக் கொட்டகையின் ஓரமாக நிறுத்தினோம். அவன் விட்டுச்சென்ற கேபிளும், முனையில் திருகும் எஃப்-கனெக்டரும் அப்படியே பொருந்தின. கம்பெனி போட்ட கம்பத்திலும் கம்பெனி போட்ட கம்பியிலும் கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத அலை இறங்கி வருவதில் மாஸ்டருக்கு ஒரு தனி ஆனந்தம்.

பெட்டி எளிதில் வசப்படவில்லை. மின்சாரம் கொடுத்தவுடன், பழைய எஜமானைத் தேடும் விசுவாசத்தோடு, செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பொறுத்திருங்கள் என்று திரையில் எழுதிவிட்டு அசையாமல் நின்றது. வேறு சில மாதிரிகளில் இந்தக் கட்டத்தைத் தாண்டவே முடியாதாம். வானத்தின் சம்மதமின்றி அவை அடுத்த அடி வைக்காது. நல்லவேளையாக இந்தப் பெட்டியில், ரிமோட்டின் ரத்துப் பொத்தானை அழுத்தினால் மெனுவுக்குள் போக இடமிருந்தது. அங்கே எங்கோ ஒரு மூலையில், உள்ளூர் நிலையங்கள், தேடு என்ற வரிகளைக் கண்டுபிடித்தோம். ஒரு கட்டம் இடமிருந்து வலமாக நிரம்பிக்கொண்டே வர, அதன் கீழே எண்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கனடிய ஒளிபரப்புக் கழகம் உண்மையில் இருபதாவது வரிசையில் ஓடிக்கொண்டே, ஜனங்களுக்குப் பழகிய ஐந்து என்ற பழைய எண்ணைத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்து நிற்பதைக் கண்டேன். டிஜிட்டல் உலகத்தில் எல்லாரும் பழைய விலாசத்திலேயே கடிதம் வாங்கிக்கொள்கிறார்கள். பஃபலோவின் பொதுத் தொலைக்காட்சியான பதினேழாம் எண் வந்தபோது மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குழாய்த் தொலைக்காட்சி அகலத்திரை அன்று. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, நடுவில்தான் படம். ஆயினும் அப்படிப்பட்ட துல்லியத்தை அந்தப் பழைய கண்ணாடி அதன் ஆயுளிலேயே கண்டிருக்காது. விநாடிக்குப் பத்தொன்பது மெகாபிட்டுக்குச் சற்று மேலான செய்தியைக் கோபுரம் நேரே அனுப்புகிறது. கேபிளிலும் டிஷ்ஷிலும் நூற்றுக்கணக்கான நிலையங்களைத் திணிப்பதற்காகப் படத்தை மறுபடி பிழிந்து சுருக்குவதுபோல் இங்கே எவரும் பிழிவதில்லை. மேல்மாடியில் மாதாமாதம் பணம் கட்டிப் பார்க்கும் அதே ஹாக்கி ஆட்டம், கீழே தர்மத்துக்கு வருவதைக் காட்டிலும் கலங்கலாகத் தெரிகிறதென்று என் பேரன்தான் முதலில் கண்டுபிடித்து எல்லாருக்கும் அறிவித்தான். வீட்டில் சிறிது மனஸ்தாபம் உண்டாயிற்று.

என்ன கிடைத்ததென்று கேட்பவர்களுக்கு: மாகாணத்தின் கல்வித் தொலைக்காட்சி, பிரெஞ்சு நிலையம், 1979 முதல் பல பாஷைக் குடியேறிகளுக்காக நடந்துவரும் ஒரு நிலையம், எதிர்க்கரையிலிருந்து அமெரிக்கப் பெருநிலையங்கள். தமிழ்? ஆகாயத்தில் இலவசமாக வருவதில் தமிழ் அரிது. அதற்குக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். நான் அதிகம் பார்த்தது பஃபலோவின் பதினேழாம் எண்ணைத்தான். டொரான்டோவாசிகள் பலர் எல்லை தாண்டி அதற்கு நன்கொடை அனுப்புகிறார்கள். அந்த நிலையமும் டொரான்டோவைத் தன் சொந்த ஊராகவே பாவித்துப் பேசுகிறது. என் மகனுக்கோ வேறு லாபம். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியன்று அந்த நாட்டு நிலையங்களில் வரும் விளம்பரங்களுக்குப் பெரிய கீர்த்தி. ஆனால் கனடாவில் கேபிளிலோ டிஷ்ஷிலோ பார்ப்பவர்களுக்கு அவை கிட்டுவதில்லை. ஒரே நிகழ்ச்சி இரண்டு தேசத்திலும் ஒரே வேளையில் ஓடினால், அமெரிக்க நிலையத்தின்மேல் கனடிய நிலையத்தின் படத்தை, விளம்பரங்களோடு சேர்த்துப் போர்த்திவிட இங்கே விதி இடங்கொடுக்கிறது. ஆகாய மார்க்கமாக வருவதைப் போர்த்த யாராலும் முடியாது. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை என் நிலவறை நிறைந்துவிட்டது. விளம்பரம் பார்ப்பதற்காக விருந்து வைக்கிற ஜனசமூகத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. உப்பு வியாபாரி வீட்டுக் கூடம் அதனினும் சற்று மேலான காரணத்துக்காக நிரம்பியது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த விருந்துக்கு என் அண்ணன் மகனும் வந்திருந்தான். பஃபலோவில் தான் பார்த்துவந்த செய்தியாளரின் முகம் தன் பழைய பெட்டியின் வழியே எங்கள் திரையில் பேசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதுக்கு மாசம் எவ்வளவு கட்டுறீங்க?" என்று கேட்டான். மாஸ்டர் அவனை அழைத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கத்தைக் காட்டினார்.

பழைய அலைக்கும் புதிய அலைக்கும் ஒரு வித்தியாசத்தை மட்டும் என்னால் இன்னும் முழுமனத்தோடு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தூத்துக்குடியில் அலை மெலிந்தால் படம் மங்கும். பனிக்குள் ஒரு முகம் தெரியும், குரல் கேட்கும், ஊகித்துக்கொள்ளலாம். டிஜிட்டலில் மங்குவதென்பது கிடையாது. ஒரு வரம்பு வரையில் படம் அப்பழுக்கின்றி நிற்கும்; அதற்கு ஓர் இம்மி கீழே போனால் முகம் கட்டங் கட்டமாக உடைந்து, வாய் ஓரிடத்திலும் கண் ஓரிடத்திலுமாக உறைந்து, பின்பு கறுத்துவிடும். செய்தி வாசிப்பவர் பாதி வாக்கியத்தில் காணாமற்போவார். ஆனால் கோடைக்காலத்து மாலைகளில், குளிர்ந்த ஏரியின்மேல் வெப்பக்காற்று படியும்போது, பழைய வித்தை திரும்பவும் நடக்கிறது. அந்த நாட்களில் மறுபடியும் தேடச் சொன்னால், வழக்கமாக எட்டாத ராசெஸ்டர் நகரத்து நிலையங்கள் ஒன்றிரண்டு பட்டியலில் வந்து உட்காரும். இராத்திரி காற்று எழும்பியதும் போய்விடும். மாஸ்டர் இதற்கென்று ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்து, தேதியும் காற்றும் நிலையமும் குறித்து வருகிறார்.

பெட்டிக்குச் சோதனைகள் வராமலில்லை. தொலைக்காட்சிக்குரிய அலைவரிசைகளில் ஒரு பகுதியைக் கைப்பேசிக் கம்பெனிகளுக்கு விற்றுவிட்டு மிச்சத்தில் நிலையங்களை நெருக்கி உட்கார வைத்தபோது, 2020 வாக்கில் பல நிலையங்கள் இடம் மாறின. மறுபடி தேடினோம், எல்லாம் பழைய எண்களிலேயே வந்து நின்றன. அமெரிக்காவில் புதிய தலைமுறை ஒளிபரப்பு முறை ஒன்றை நிலையங்கள் விரும்பினால் கைக்கொள்ளலாமென்று 2017லேயே அனுமதித்துவிட்டார்கள். அதைப் புரிந்துகொள்ளும் சக்தி எங்கள் பெட்டிக்கு இல்லை. பஃபலோக்காரர்கள் முழுவதும் அதற்கு மாறிவிட்டால் எதிர்க்கரை எங்களுக்கு மூடிப்போகும். "அவையள் மாறினால் நாங்களும் ஒரு பழைய பெட்டி தேடுவம். அப்ப அதுவும் பழசாத்தானே இருக்கும்" என்பது மாஸ்டரின் அபிப்பிராயம்.

இந்த நம்பிக்கையின் பலத்தினாலே, வேனிற்காலத்துச் சனிக்கிழமைகளில் தெருத்தெருவாக வீட்டு வாசலில் பழம்பொருள் விற்கிற இடங்களுக்கு இருவரும் போய் வருகிறோம். கண்ணாடிக் கோப்பைகளுக்கும் குழந்தைகளின் சறுக்குச் செருப்புகளுக்கும் நடுவே ரிசீவர் ஏதேனும் கிடந்தால், மாஸ்டர் எடுத்து நேரே பின்பக்கத்தைத் திருப்புவார். போன கோடையில் ஒரு வயதான அம்மையார், மிகவும் நேர்மையாக, சந்தா இல்லாமல் அது வேலை செய்யாது என்று எச்சரித்தார். அவர் சொன்னது சரிதான். அதில் ஒரே துவாரம்தான் இருந்தது. அதை வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஆன்டெனாச் சுழற்றி மோட்டார் ஒன்றைப் பத்து டாலருக்குப் பேசி வாங்கினார் மாஸ்டர். அதைப் பொருத்திவிட்டால் தென்மேற்கோ தெற்கோ, உட்கார்ந்த இடத்திலிருந்தே முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதற்குக் கம்பத்தைக் கொட்டகையோரத்திலிருந்து வீட்டுக் கூரைக்கு மாற்ற வேண்டும். "கூரையிலை ஏறினால் பிறகு வீட்டுக்குள்ளை வரவேண்டாம்" என்று அவருடைய மனைவியார் திட்டவட்டமாகச் சொல்லியிருப்பதால், மோட்டார் எங்கள் கொட்டகையில் இருக்கிறது. வருகிற மே மாதம் பனி முற்றும் கரைந்ததும் வந்து ஏறுவதாக அண்ணன் மகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். பெட்டியைத் திருப்பிக் கேட்பதில்லை என்பது அவன் தரப்பில், சனிக்கிழமை ஆட்டங்களுக்கு மீன்குழம்பும் சோறும் உண்டென்பது எங்கள் தரப்பில்.